சித்திரக்கதைகளில் துடுக்கான வீரமங்கை

வாய்த்துடுக்கும் கைவீச்சும் கொண்ட சண்டைக்காரப் பெண், நகைச்சுவைச் சித்திரக்கதைகளில் வரும் ஒரு பாத்திர வகை. தமிழ் வாசகர்களில் பலர் இப்பாத்திரத்தைச் சந்தித்தது சிவகாசி வழியாகத்தான். தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் லேபிள் அச்சிட்டு வளர்ந்த அந்த ஊரிலிருந்தே 1972இல் முத்து காமிக்ஸும், 1984இல் லயன் காமிக்ஸும் வெளிவரத் தொடங்கின.

லயனின் முதல் இதழே ஒரு பெண்ணின் கதை: 'கத்தி முனையில் மாடஸ்டி'. பீட்டர் ஓ'டானல் எழுத, ஜிம் ஹோல்டவே வரைந்து, 1963இல் லண்டன் நாளிதழ் ஒன்றில் தொடங்கிய தொடரின் நாயகி அவள். தோழன் வில்லி கார்வின் அவளை 'இளவரசி' என்றே அழைப்பான். ஆனால் மாடஸ்டி நிதானக்காரி. துடுக்கைப் பார்க்க வேண்டுமானால் லக்கி லூக் கதைகளுக்குத்தான் போக வேண்டும்.

கலாமிட்டி ஜேன்

மோரிஸ் வரைய, கோசினி எழுதிய இந்த பிரெஞ்சு மொழிக் கதை 1967இல் நூலாக வந்தது. லயனில் அதற்கு வைத்த பெயர் 'ஜேன் இருக்க பயமேன்?' முருகன் படத்தின் கீழ் நாம் தினமும் பார்க்கும் 'யாமிருக்க பயமேன்' என்ற வாசகத்தைக் கொஞ்சம் திருப்பியிருக்கிறார்கள். காப்பவள் அவள் என்பது தலைப்பிலேயே வந்துவிடுகிறது.

கதையும் அப்படியே தொடங்குகிறது. ஆற்றில் குளிக்கும்போது பகைவரிடம் மாட்டிக்கொள்ளும் நாயகனைத் துப்பாக்கியோடு வந்து மீட்கிறாள் ஜேன். புகையிலை மெல்கிறாள், வசை பொழிகிறாள். மேசையில் முழங்கை ஊன்றிக் கையைச் சாய்க்கும் பந்தயத்தில் வென்று ஒரு மதுக்கடையையே சொந்தமாக்கிக்கொள்கிறாள். ஊர்ச் சீமாட்டிகள் முகம் சுளிக்க, அவளுக்கு நாகரிகம் கற்பிக்க ஓர் ஆசிரியர் வரவழைக்கப்படுகிறார். நீதிபோதனை வகுப்பு எடுத்துப் பழகிய எனக்கு அந்த ஆசிரியர் மேல்தான் இரக்கம் வந்தது!

இங்கே சிரிப்பு எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். ஜேனுக்குத் தேநீர்க் கோப்பையைப் பிடிக்கத் தெரியாது; அதில் சிரிக்கலாம். அவள் குறி தப்புவதாகவோ, ஆபத்தில் அலறுவதாகவோ காட்டிச் சிரிப்பு மூட்டவில்லை. வீரத்தைக் கேலியாக்கினால் அவள் வெறும் கோமாளியாகிவிடுவாள். துடுக்கை எடுத்துவிட்டாலோ, கதையில் இன்னொரு துப்பாக்கிக்காரர்தான் மிஞ்சுவார்.

ஜேன் முழுக் கற்பனையும் அல்ல. மார்த்தா ஜேன் கானரி என்ற அமெரிக்கப் பெண்ணே மூலம். 1896இல் தன் வீரக்கதைகளைத் தானே சிறு நூலாக்கி விற்றவர். அதில் மிகைப்படுத்தல் ஏராளம். 1903இல் இறந்தார்.

அல்லி

நம்மிடமும் ஒருத்தி உண்டு. புகழேந்திப் புலவர் பெயரில் வழங்கும் 'அல்லி அரசாணி மாலை'யின் நாயகி, நீன்முகனைக் கொன்று மதுரையை ஆண்டவள். ஆண்கள் என்றாலே ஆகாது. அவளை அடைய அர்ச்சுனன் போடும் வேடங்கள், பாம்பாக மாறி அரண்மனைக்குள் நுழைவது எல்லாம் மாயமும் நகைச்சுவையும் கலந்தவை. பெரிய எழுத்துப் புத்தகமாக இது தமிழகமெங்கும் விற்றது. பெண் சொல்லே செல்லும் வீட்டை 'அல்லி ராஜ்யம்' என்று சொல்வது இன்றும் வழக்கம்.

ஆனால் அர்ச்சுனன் அவள் தூங்கும்போது தாலி கட்டிவிடுகிறான். அதுவரை அவனைப் பார்த்துச் சிரித்த கதை, அந்த இடத்தில் அவள் பக்கம் திரும்பிவிடுகிறது. ஜேன் கதையில் இப்படி ஓர் இடம் இல்லை. அல்லியை இன்று சித்திரக்கதையாக வரைய முனைவோர் முதலில் முடிவு செய்ய வேண்டிய கட்டம் இதுதான்.

அடுத்தது பேச்சு. தமிழில் துடுக்கைக் காட்ட வசைச்சொல் தேவையில்லை. எல்லோரும் 'நீங்கள்' என்று பேசும் சபையில் அவள் ஒருத்தி 'வாடா' என்றால் போதும். வசையே வேண்டுமென்றாலும் பேச்சுக் குமிழியில் மண்டையோடு, நட்சத்திரம், சுருள் என்று வரைவது சித்திரக்கதையின் பழைய வழக்கம். அதற்கு மொழிபெயர்ப்பும் வேண்டியதில்லை.