பெரிய மனிதர்களும் ஒரு பேங்க் பேலன்ஸும்

2008 டிசம்பர் 16 அன்று சத்யம் கம்ப்யூட்டர் நிறுவனத்தின் இயக்குநர் குழு முன் வந்த யோசனை கொஞ்சம் விசித்திரமானது. மென்பொருள் எழுதிச் சம்பாதிக்கும் ஐதராபாத் கம்பெனி, சுமார் 160 கோடி டாலர் கொடுத்து ஒரு ரியல் எஸ்டேட் நிறுவனத்தையும் ஒரு கட்டுமான நிறுவனத்தையும் வாங்க வேண்டும். இரண்டின் பெயரிலும் 'மேய்டாஸ்' இருந்தது. இரண்டையும் நடத்தியவர்கள் சத்யத்தின் தலைவர் ராமலிங்க ராஜுவின் மகன்கள். சத்யத்தின் ஆங்கில எழுத்துகளைக் கடைசியிலிருந்து படித்தால் மேய்டாஸ் வரும். அவ்வளவு வெளிப்படை!

குழுவில் இருந்தவர்கள் லேசுப்பட்டவர்கள் அல்ல. ஹார்வர்டு பேராசிரியர் கிருஷ்ண பாலெப்பு, பென்டியம் சிப்பால் புகழ்பெற்ற வினோத் தாம், இந்தியன் ஸ்கூல் ஆஃப் பிசினஸின் டீன் ராம்மோகன் ராவ், மத்திய அமைச்சரவைச் செயலராக இருந்த டி.ஆர். பிரசாத். கூட்டத்தில் கேள்விகள் எழாமல் இல்லை. ஆனாலும் முடிவில் ஒப்புதல் கிடைத்தது. செய்தி வெளியானதும் அமெரிக்கச் சந்தையில் சத்யம் பங்கு பாதிக்கு மேல் சரிந்தது. சில மணி நேரத்திலேயே ராஜு பின்வாங்கினார்.

அவரைத் தடுத்தது குழு அல்ல, கோபம் கொண்ட முதலீட்டாளர்கள்.

சட்டப்படி பார்த்தால் இது நடந்திருக்கவே கூடாது. லட்சக்கணக்கான பங்குதாரர்கள் சேர்ந்து கம்பெனியை நடத்த முடியாது என்பதால்தான் இயக்குநர் குழுவைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அன்றாட நிர்வாகம் எம்.டி. அல்லது சி.இ.ஓ.வின் பொறுப்பு. அவரை நியமிப்பது, சம்பளம் தீர்மானிப்பது, கணக்கைச் சரிபார்ப்பது, தேவைப்பட்டால் வீட்டுக்கு அனுப்புவது எல்லாம் குழுவின் வேலை. காகிதத்தில் குழுதான் முதலாளி.

நடைமுறை வேறு. குழு ஆண்டுக்குக் குறைந்தது நான்கு முறை கூடினால் சட்டத்துக்குப் போதும். என்ன பேசுவது என்ற பட்டியலும், கட்டுக்கட்டான காகிதங்களும் நிர்வாகத்திடமிருந்தே வருகின்றன. பல கம்பெனிகளில் இயக்குநரைத் தேடிப்பிடித்து அழைப்பவரே கம்பெனியின் தலைவர்தான். விருந்துக்குக் கூப்பிட்டவரிடம் குழம்பில் உப்பில்லை என்று சொல்ல எத்தனை பேருக்கு வாய் வரும்?

2009 ஜனவரி 7 அன்று ராஜு தன் குழுவுக்கு ஒரு கடிதம் அனுப்பினார். ரொக்கம், வங்கி இருப்பு என்று கணக்கில் காட்டிய 5,361 கோடி ரூபாயில் 5,040 கோடி இல்லவே இல்லை. முந்தைய செப்டம்பர் காலாண்டில் 649 கோடி என்று சொன்ன செயல்பாட்டு லாபம் உண்மையில் 61 கோடி. புலிமேல் ஏறியவன் இறங்க வழி தெரியாமல் தவிக்கும் நிலை தன்னுடையது என்று எழுதியிருந்தார். மேய்டாஸ் பேரத்தின் ரகசியமும் அதில் உடைந்தது: கணக்கில் மட்டும் இருந்த பணத்தை நிஜச் சொத்தால் ஈடுகட்டும் கடைசி முயற்சியாம் அது. அன்று ஒரே நாளில் பங்கு விலை முக்கால் பங்குக்கு மேல் கரைந்தது.

இத்தனை பணம் எந்த வங்கியில் இருக்கிறது, ஏன் சும்மா கிடக்கிறது, நாமே அந்த வங்கிக்கு ஒரு கடிதம் போட்டுக் கேட்டால் என்ன? பெட்டிக்கடைக்காரர்கூடக் கேட்கும் கேள்விகள் இவை. மேதைகள் நிறைந்த குழு அவற்றைத் துருவிக் கேட்டதற்கான அடையாளம் எதுவும் வெளிவரவில்லை. தணிக்கையாளர்களும் மோசடியைப் பிடிக்கவில்லை. 2015இல் ராஜு உட்படத் தண்டிக்கப்பட்ட பத்துப் பேரில் இரண்டு தணிக்கையாளர்களும் உண்டு. இதில் ஒரு வேடிக்கை: மோசடி அம்பலமாவதற்குச் சில மாதங்கள் முன்புதான் நல்ல நிர்வாகத்துக்காகச் சத்யம் விருது வாங்கியிருந்தது.

மத்திய அரசு பழைய குழுவைக் கலைத்து, கிரண் கார்னிக், தீபக் பரேக், சி. அச்சுதன் ஆகியோரை நியமித்தது. சென்னையைச் சேர்ந்த ஆடிட்டர் டி.என். மனோகரனும் பின்னர் சேர்ந்தார். சம்பளம் கொடுக்கப் பணமில்லை, கணக்கை நம்ப முடியாது, வாடிக்கையாளர்கள் நழுவத் தயாராக இருந்தார்கள். புதிய குழு வங்கிக் கடன் திரட்டியது, வாடிக்கையாளர்களிடம் பேசியது, ஏலம் நடத்தியது. ஏப்ரலில் கம்பெனி டெக் மஹிந்திரா கைக்குப் போனது. ஏறத்தாழ மூன்றே மாதம்! குழு என்பது அலங்காரம் என்று நினைப்பவர்கள் இந்த மூன்று மாதங்களைப் பார்க்கலாம். அழைத்தவர் என்று யாருக்கும் கடன்படாத குழு அது.

2013 கம்பெனிச் சட்டம் பாடம் கற்றுக்கொண்டது. பட்டியலிட்ட நிறுவனங்களின் குழுவில் மூன்றில் ஒரு பங்காவது சுயேச்சை இயக்குநர்கள் இருக்க வேண்டும். தமக்குத் தெரிந்தே நடந்த தவறுக்கு அவர்களும் பொறுப்பு. தணிக்கைக் குழுவின் அதிகாரமும் கூடியது.

ஆனால் தலைவர் நாற்காலியில் நிர்வாக இயக்குநரே உட்காரலாமா என்ற கேள்வி இழுபறியாகவே நிற்கிறது. பெரிய 500 கம்பெனிகள் இரண்டு பதவிகளையும் பிரித்தே ஆக வேண்டும் என்று பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி விதித்தது. முதலில் 2020 ஏப்ரல் என்றார்கள், பிறகு 2022 ஏப்ரல். தொழில் அமைப்புகள் முகம் சுளித்தன. குடும்பத் தொழில்களில் இரண்டும் ஒரே வீட்டில் இருப்பதுதானே வழக்கம். கெடு முடிய இரண்டு மாதம்கூட இல்லாத 2022 பிப்ரவரியில், பிரிப்பதும் பிரிக்காததும் கம்பெனிகளின் விருப்பம் என்று செபி விட்டுவிட்டது.