விலையைக் கேட்டோம், செலவைக் கேட்கவில்லை

சில வருடங்களுக்கு முன்னர் அலவத்துகொட வியாபாரிகள் சிலர் சேர்ந்து, வைத்தியசாலையொன்றின் குறைமாதக் குழந்தைகள் பிரிவுக்கு இன்கியுபேட்டர் ஒன்றை அன்பளிப்புச் செய்தோம். கணக்கு எழுதியவன் நான். மூன்று இடங்களில் விலை விசாரித்து, பேரம் பேசித்தான் வாங்கினோம். ஆனால் குழந்தையின் தோலில் ஒட்டும் வெப்பமானி பழுதானால் மாற்று எங்கே கிடைக்கும், என்ன விலை என்று எவரும் கேட்கவில்லை. 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை ஏறிய நேரத்தில் அது பழுதானது. இயந்திரம் மூலைக்குப் போனது.

லொறி வாங்கும்போது டயர், டீசல், சாரதி சம்பளம் எல்லாம் பார்க்கும் நாம், தர்மம் செய்யும்போது மட்டும் ஏன் அந்தக் கணக்கை மறக்கிறோம்?

இன்னொரு செலவும் உண்டு. தாய் வீடு திரும்பிவிடுவாள். குழந்தை பிரிவிலேயே இருக்கும். அவள் பால் கொடுக்க தினமும் கண்டிக்கு பஸ் ஏற வேண்டும். பிங்கா ஓயா பெருகி அக்குறணையில் வீதி மூடப்பட்டால் அந்த வழியும் இல்லை.

1978இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில், இன்கியுபேட்டர் பற்றாக்குறையால் வைத்தியர் எட்கார் ரே சனாப்ரியா குழந்தையைத் தாயின் நெஞ்சோடு அணைத்துக் கட்டவைத்தார். ‘கங்காரு பராமரிப்பு’ என்பது அதுதான். பிற்காலத்தில் டில்லி சப்தர்ஜங் வைத்தியசாலை, தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள்ளேயே தாய்க்கும் கட்டில் போட்டது. அதுவும் ஆபிரிக்காவின் நான்கு வைத்தியசாலைகளும் பங்கேற்ற ஆய்வின் முடிவு 2021இல் வெளியானது. 1 முதல் 1.8 கிலோ வரை எடையுள்ள குழந்தைகளில், பிறந்தவுடனேயே இவ்வாறு அணைக்கப்பட்டவர்களில் 28 நாட்களுக்குள் இறந்தோர் 12 வீதம். உடல்நிலை சீரான பின்பே அணைக்கப்பட்டவர்களில் 15.7 வீதம். 2022இல் உலக சுகாதார ஸ்தாபனமும் இதனையே பரிந்துரைத்தது.

இதனால் ஒட்சிசனும் இயந்திரங்களும் தேவையில்லை என்று அர்த்தமல்ல. தாய்க்கு இடம் விட்டு அறையை அமைப்பதே மலிவான, பலனுள்ள முதலீடு என்பதுதான் என் கணக்கு.

அண்மையில் மீண்டும் உதவி கேட்டு வந்தார்கள். தாய்மாருக்குச் சாய்வுக் கதிரைகள், திரைச்சீலை, வாசலருகே கைகழுவும் தொட்டி, இருக்கும் இயந்திரங்களுக்கு ஒரு வருட உதிரிப்பாகங்கள் என்று பட்டியல் போட்டேன்.

“கதிரையில் பெயர்ப்பலகை அடிக்க முடியாதே!” என்றார் ஒரு ஹாஜியார்.

எல்லோரும் சிரித்தோம். பிறகு அவரே முதல் காசோலையை எழுதினார்.