தேரி மணலில் ஒரு முன்னோட்டம்

திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையிலிருந்து கிள்ளிப்பாலம் நோக்கிச் செல்லும் சாலைக் கடைவீதி, பொழுது புலர்வதற்கு முன்பே விழித்துக்கொள்வது. தமிழகத்திலிருந்து வந்த லாரிகளிலிருந்து வாழைத்தார்களும் காய்கறி மூட்டைகளும் இறங்கிக்கொண்டிருக்கும். 18ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் திருவிதாங்கூர் திவான் ராஜா கேசவதாஸ் அமைத்த இந்தக் கடைவீதியில் பல தலைமுறைகளாக வணிகம் செய்துவரும் தமிழ்க் குடும்பங்கள் உண்டு. அத்தகைய குடும்பம் ஒன்றில் பிறந்தவன் நான். என் தந்தையார் உடன்குடியிலிருந்து கருப்பட்டி வரவழைத்து இங்கே விற்றவர். நானோ வணிகவியல் பட்டம் பெற்று, கணக்கேடுகளை நம்பி வங்கிப் பணிக்கு வந்தவன்.

இருபது ஆண்டுகள் நாற்காலியில் அமர்ந்து பணியாற்றியதற்கான வட்டி, நாற்பத்து மூன்றாம் வயதில் இரத்தப் பரிசோதனை அறிக்கையாக வந்து சேர்ந்தது. நீரிழிவு நோயின் வாசலில் நிற்பதாக மருத்துவர் கூறினார். நடைப்பயிற்சியில் மனம் ஒட்டவில்லை. கல்லூரி நாள்களில் ஓட்டிய மிதிவண்டி நினைவுக்கு வந்தது. அகன்ற டயரும் முன்புற அதிர்வுதாங்கியும் கொண்ட மலைப்பாதை மிதிவண்டி ஒன்றை வாங்கி, நாள்தோறும் காலையில் சாலை வழியே வெளியேறி, நெடுமங்காடு சாலையில் ஒரு மணி நேரம் மிதிக்கத் தொடங்கினேன். அரிசி மண்டி வைத்திருக்கும் மூத்த வாடிக்கையாளர் ஒருவர், தலைக்கவசத்துடன் என்னைக் கண்ட முதல் நாள், “என்ன சார், உங்க பேங்க்ல உங்களுக்கே கார் லோன் குடுக்க மாட்டேங்கிறாங்களா?” என்று கேட்டுச் சிரித்தார். “குடுப்பாங்க அண்ணாச்சி, டாக்டர்தான் குடுக்க மாட்டேங்கிறார்” என்றேன்.

பொன்முடியில் கண்ட காட்சி

2023ஆம் ஆண்டு அக்டோபர் 26 முதல் 29 வரை, எங்கள் மாவட்டத்துப் பொன்முடி மலையில் ஆசிய மலைப்பாதை மிதிவண்டிச் சாம்பியன் போட்டி நடைபெற்றது. பாரிஸ் ஒலிம்பிக்கிற்குத் தகுதி பெறும் வாய்ப்பும் அதில் அடங்கியிருந்ததால், ஆசியாவின் பல நாடுகளிலிருந்தும் வீரர்கள் வந்திருந்தனர். இருபத்திரண்டு கொண்டையூசி வளைவுகளைக் கடந்து, கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரத்தில் இருக்கும் அந்த மலைக்கு விடுப்பெடுத்துச் சென்றேன்.

பாறையும் வேரும் சேறும் நிறைந்த சுற்றுப்பாதையில் அவர்கள் ஏறி இறங்கிய வேகம் வியக்கத்தக்கது. 1996இல் அட்லாண்டாவில் ஒலிம்பிக்கிற்குள் நுழைந்த இவ்விளையாட்டின் குறுந்தொலைவு வடிவம் அது. ஒன்றரை மணி நேரத்திற்குள் முடிந்துவிடும். அதற்கு வேறொரு முகமும் உண்டு என்பதை அன்று அருகில் நின்ற இளைஞர் ஒருவர் வாயிலாக அறிந்தேன். நாள் கணக்கில், நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் செல்லும் நெடுந்தொலைவுப் பந்தயங்களே அவை.

பாலைவனத்தின் பந்தயங்கள்

அவற்றுள் புகழ்பெற்றது மொராக்கோ நாட்டின் டைட்டன் டெசர்ட். 2006இல் தொடங்கிய இப்பந்தயம், ஏறத்தாழ 600 கிலோமீட்டரை ஆறு கட்டங்களாகப் பிரித்து, சகாராவின் விளிம்பில் நடைபெறுகிறது. பகலில் கல்லும் மணலும் கலந்த தடம், இரவில் கூடாரம். ஸ்பெயின் நாட்டுச் சுற்றுப்பந்தயத்தை நான்கு முறை வென்ற ராபர்ட்டோ ஹேரஸ் போன்ற தொழில்முறை வீரர்களும் இதில் பங்கேற்றிருக்கின்றனர். அலுவலகம் செல்லும் சாதாரண மனிதர்களும் பங்கேற்கின்றனர். வெற்றி பெறுவதைவிட, குறித்த நேரத்திற்குள் முடித்துத் திரும்புவதே பின்னவர்களின் இலக்கு.

நமீபியாவில் நடைபெறும் டெசர்ட் டேஷ் பந்தயம் வேறு வகை. சுமார் 1,650 மீட்டர் உயரத்தில் உள்ள தலைநகர் விண்ட்ஹூக்கிலிருந்து, நமீப் பாலைவனத்தின் குறுக்கே, அட்லாண்டிக் கடற்கரையின் ஸ்வாகோப்முண்ட் நகருக்கு 24 மணி நேரத்திற்குள் சென்று சேர வேண்டும். தொலைவு 400 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. இதன் பெயரோடு ஒரு வங்கியின் பெயர் இணைந்திருப்பது எனக்குத் தனி மகிழ்ச்சி அளித்தது. தென்னாப்பிரிக்காவில் 2004 முதல் நடைபெறும் கேப் எபிக் பந்தயத்தின் பெயரோடும் நெடுங்காலம் ஒரு வங்கியின் பெயரே இணைந்திருந்தது. நம் நாட்டிலும், ஷிம்லாவை மையமாகக் கொண்டு இமயமலைத் தடங்களில் பல நாள் நெடும்பந்தயம் நடத்தப்பட்டு வந்துள்ளது.

2024 சனவரியில், இரண்டாண்டுக் கால அளவில் ஒரு தொடர் வைப்புக் கணக்கைத் தொடங்கினேன். நோக்கம்: மொராக்கோ. இல்லத்தரசியிடம் அதனை ‘மகளின் மேற்படிப்பிற்கு அப்பாற்பட்ட சேமிப்பு’ என்று மட்டும் கூறிவைத்தேன்.

நம்மிடமும் ஒரு செம்மணல் காடு

பாலைவனத்தில் மிதிப்பதற்கு எங்கே பயிற்சி பெறுவது? விடை என் தந்தையாரின் ஊரிலேயே இருந்தது. திருச்செந்தூர், உடன்குடி, சாத்தான்குளம் ஆகிய ஊர்களுக்கு இடையே செந்நிற மணற்குன்றுகள் விரிந்து கிடக்கின்றன. அவற்றைத் தேரி என்பர். மணல் துகள்களின் மீது படிந்த இரும்பு ஆக்சைடே அந்தச் செந்நிறத்திற்குக் காரணம். தென்மேற்குப் பருவக்காற்று ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே பாய்ந்து வரும் மாதங்களில் இந்த மணல் இடம்பெயரும். பனையும் முந்திரியும் உடைமரமுமே அதனைக் கட்டிப்போடுகின்றன. தேரியின் பெரும்பகுதி காப்புக்காடு. அதற்குள் வனத்துறையின் இசைவின்றி நுழைதல் கூடாது. நாங்கள் தேர்ந்தது ஊர்ப் பாதைகளையும் உறவினரின் பனந்தோப்புகளையும் மட்டுமே.

‘நாங்கள்’ என்றது, என்னையும் உடன்குடியில் வசிக்கும் என் சித்தப்பா மகனையும். என்னைவிட ஆறு வயது இளையவன். என் வற்புறுத்தலால் மிதிவண்டி வாங்கியவன்.

2024 ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, முப்பது கிலோமீட்டர் திட்டத்துடன் புறப்பட்டோம். ஆறு மணிக்குக் கிளம்ப எண்ணியிருந்தோம். காலை உணவு, உறவினரின் உபசரிப்பு என்று எட்டரை ஆகிவிட்டது. ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர். தார்ச்சாலைக்கு ஏற்றவாறு டயரில் 40 பவுண்டு காற்று.

மணலில் இறங்கிய முதல் நூறு மீட்டரிலேயே பாடம் தொடங்கியது. இறுகக் காற்றடைத்த டயர் கத்தியைப் போல மணலை அறுத்துக்கொண்டு புதைந்தது. பிடியை அழுத்தித் திருப்பினால் முன்சக்கரம் சரிந்தது. இறங்கித் தள்ளினோம், ஏறி மிதித்தோம், மீண்டும் இறங்கினோம். ஒரு மணி நேரத்தில் ஐந்து கிலோமீட்டர்கூடக் கடக்கவில்லை. பத்து மணிக்குத் தண்ணீர் தீர்ந்தது.

அப்போதே திரும்பியிருக்க வேண்டும். வரைபடத்தில் அடுத்த ஊர் மூன்று கிலோமீட்டர் என்று காட்டியதால், “இன்னும் கொஞ்சம்தானே” என்று முன்னே சென்றேன். செலவான தொகையை மீட்பதற்காக மேலும் கடன் வாங்கும் வணிகர்களுக்கு மேசையின் இப்புறம் அமர்ந்து எத்தனையோ முறை அறிவுரை கூறியவன் நான். அன்று நான் செய்ததும் அதுவே.

சிறிது தொலைவு சென்று திரும்பிப் பார்த்தபோது தம்பியைக் காணவில்லை. இருநூறு மீட்டர் பின்னே, உடைமரத்தின் முள்நிழலில் மிதிவண்டியைப் போட்டுவிட்டு அமர்ந்திருந்தான். முகம் சிவந்திருந்தது. பெயர் சொல்லி அழைத்தேன். சற்று நேரம் கழித்தே நிமிர்ந்தான். “அண்ணே, இது எந்தத் தோப்பு?” என்று கேட்டான். அது அவன் பிறந்ததிலிருந்து நடந்து பழகிய இடம்.

பதநீர் இறக்கிக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் எங்களைக் கண்டது எங்கள் நற்பேறு. அவர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. தம்பியைத் தம் ஓலைக்குடிசை நிழலுக்கு அழைத்துச் சென்று, சட்டையைக் கழற்றச் செய்து, குடத்து நீரைத் தலையிலும் கழுத்திலும் ஊற்றி, ஓலை விசிறியால் வீசினார். அவன் தெளிந்து பேசத் தொடங்கிய பின்பே ஒரு பட்டையில் பதநீர் கொடுத்து, சிறிது சிறிதாகக் குடிக்கச் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி, “வெயிலு ஏறுமுன்ன நாங்களே மரத்த விட்டு இறங்கிருவோம். நீங்க ஏறுற நேரமாய்யா இது?” என்றார்.

அரை மணி நேரத்தில் உறவினர் ஒருவரின் வாகனம் வந்தது. மருத்துவமனையில், தக்க நேரத்தில் உடலைக் குளிர்வித்ததே காப்பாற்றியது என்றார்கள். உடல் வெப்பம் 40 டிகிரி செல்சியசைத் தாண்டினால் மனம் குழம்பும். அதன் பிறகு ஒவ்வொரு நிமிடமும் உறுப்புகளுக்குக் கேடு. திரும்பும் வழியில் தம்பியிடம், முன்பே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். “நீங்க ஆசையா போயிட்டிருந்தீங்க. நான் எப்படிண்ணே நிறுத்தச் சொல்றது?” என்றான்.

அன்றிரவு சித்தியின் முகத்தை நேராகப் பார்க்க என்னால் இயலவில்லை.

இரண்டு நிமிட விதி

ஊர் திரும்பிய பின் பந்தயங்களின் வெற்றிக் கதைகளை விடுத்து, அவற்றின் விதிமுறைகளைப் படித்தேன். 2021 அக்டோபரில் நடந்த டைட்டன் டெசர்ட் பந்தயத்தில் ஒரு வீரர் வெப்பத்தாக்கத்தால் உயிரிழந்திருக்கிறார். மருத்துவக் குழுக்கள் உடனிருந்த பந்தயத்திலேயே அது நேர்ந்தது. எங்களுடன் இருந்தது ஒரு கைப்பேசி மட்டும்.

கேப் எபிக் பந்தயத்தின் ஒரு விதி என் மனத்தில் தங்கிவிட்டது. அதில் இருவர் ஓர் அணி. அணியின் இருவரும் பாதை நெடுகிலும் இரண்டு நிமிட இடைவெளிக்குள் இருக்க வேண்டும், மீறினால் தண்டனை. வலுவானவர் தனியே முந்திச் செல்வதால் பயன் ஏதுமில்லை. பின்னால் வருபவரின் வேகமே அணியின் வேகம். இந்த விதியை நாங்கள் இருவரும் ஏற்றுக்கொண்டோம். இன்னொன்றையும் சேர்த்தோம்: நிறுத்தச் சொல்லும் உரிமை இளையவனுக்கே, காரணம் கேட்கக் கூடாது.

2025 சனவரியில் மீண்டும் தேரிக்குச் சென்றோம். காலை ஆறு மணிக்குப் புறப்பட்டோம். டயரில் 22 பவுண்டு காற்று மட்டுமே. உடல் எடையைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளி, பிடியைத் தளர்வாகப் பற்றி, இலகுவான கியரில் விடாது மிதித்தால் மணல் வழிவிடுகிறது. ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர், அதில் பாதியில் உப்பும் சர்க்கரையும் கலந்த கரைசல். இருபத்தெட்டாவது கிலோமீட்டரில், ஒன்பதரை மணிக்கு, “போதும்ணே” என்றான் தம்பி. அவனுக்குக் களைப்பு ஏதும் தெரியவில்லை. என் முகம் வெளிறியிருந்ததைக் கண்டு சொன்னதாகப் பின்னர் கூறினான். முப்பது கிலோமீட்டர் இன்றுவரை நிறைவேறவில்லை. அந்த முதியவரைத் தேடிச் சென்று வணங்கிவிட்டுத் திரும்பினோம்.

புறப்படும் முன்

இவ்வாறான பயணங்களில் ஆர்வமுள்ள வாடிக்கையாளர்களுக்குச் சில சொற்கள்:

• நாற்பதைக் கடந்தவர்கள் இதயப் பரிசோதனை செய்து, மருத்துவரின் ஒப்புதல் பெற்ற பின்னரே நெடுந்தொலைவுப் பயிற்சியைத் தொடங்குக. நீரிழிவுக்கு மருந்து உட்கொள்பவர்கள், உணவு, மருந்து வேளைகளை முன்பே கேட்டறிக.

• வெயிலில் மணிக்கு அரை முதல் ஒரு லிட்டர் நீர் தேவைப்படலாம். வெறும் நீரை மிகுதியாகக் குடிப்பதும் தீங்கு. உப்பும் உடன் சேர வேண்டும்.

• உடன் வருபவர் குழப்பமாகப் பேசினாலோ தள்ளாடினாலோ உடனே நிழலில் கிடத்தி, நீரூற்றி, விசிறி, 108 எண்ணை அழைக்கவும். நினைவு தெளியாதவருக்கு எதையும் குடிக்கக் கொடுக்கக் கூடாது.

• பல காப்பீட்டுத் திட்டங்களில் சாகச விளையாட்டுகளுக்கு விலக்கு உண்டு. வெளிநாட்டுப் பந்தயத்திற்குப் பதிவு செய்யும் முன், பயணக் காப்பீட்டின் விலக்குப் பகுதியை முழுமையாகப் படித்து, தேவையெனில் கூடுதல் பாதுகாப்புப் பெறுக.

• செலவைத் திட்டமிடும்போது நுழைவுக் கட்டணத்தை மட்டும் கணக்கிடாமல், மிதிவண்டியை விமானத்தில் கொண்டுசெல்லும் செலவு, உதிரிப் பாகங்கள், அவசர ஒதுக்கு ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்க. அன்னியச் செலாவணி அட்டையில் தொகையை முன்கூட்டியே ஏற்றிவைப்பது நலம்.

மொராக்கோ இன்னும் தொலைவில்தான் இருக்கிறது. தேரியில் நடந்ததை இல்லத்தில் மறைக்க முடியவில்லை. தொடர் வைப்பின் உண்மை நோக்கமும் அத்துடன் வெளிப்பட்டது. இரண்டு நாள் மௌனத்திற்குப் பின் இல்லத்தரசி கேட்டது ஒன்றே: “தம்பியும் வருவார் இல்லையா?” மறுநாள் கிளைக்குச் சென்றதும் தம்பிக்காக இரண்டாவது தொடர் வைப்புக் கணக்கு ஒன்றைத் தொடங்கினேன். இரண்டும் முதிர்வடைந்த பின்னரே விண்ணப்பம். அதுவரை சனிக்கிழமை இரவு நாகர்கோவில் வழியாக உடன்குடி, ஞாயிறு விடியலில் தேரி.

அரிசி மண்டி அண்ணாச்சி இப்போது கார் லோன் பற்றிக் கேட்பதில்லை. சென்ற மாதம் தம் இரத்தப் பரிசோதனை அறிக்கையைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்து, மிதிவண்டி என்ன விலை இருக்கும் என்று விசாரித்தார்.