நகை வாங்கப் போறீங்களா? 6 எழுத்தைப் பாருங்க!

சென்னை, தி.நகர் உஸ்மான் ரோட்டில் கடை கடையாக ஏறி இறங்கும் தாய்மார்கள் செய்கூலி, சேதாரத்துக்கு மணிக்கணக்கில் பேரம் பேசுகிறார்கள். ஆனால் நகையின் உள்பக்கத்தைப் பார்ப்பவர்கள் சிலரே!

3 அடையாளம்

அங்கே 3 அடையாளம் இருக்க வேண்டும். ஒன்று, பி.ஐ.எஸ். முத்திரை. அடுத்தது, 22கே916. அதாவது, 100 பங்கில் 91.6 பங்கு தங்கம். மூன்றாவது, எழுத்தும் எண்ணும் கலந்த 6 இலக்கக் குறி. 2023 ஏப்ரல் 1 முதல் இது கட்டாயம். 2 கிராமுக்குக் குறைந்த நகைக்கு விலக்கு உண்டு.

பொடி எழுத்து கண்ணுக்குத் தெரியலையா? கடையில் லென்ஸ் கேளுங்கள்.

செல்போனில் "பி.ஐ.எஸ். கேர்" செயலியைத் திறந்து அந்தக் குறியைத் தட்டினால், என்ன நகை, எத்தனை காரட் என்று வந்துவிடும். கையில் வளையல், திரையில் மோதிரமா? உஷார்!

பில் எங்கே?

"பில் வேணாம்மா, 3 சதவீத ஜி.எஸ்.டி. மிச்சம்" என்று ஆசை காட்டினால் மயங்காதீர்கள். முத்திரை நகையில் மாற்று குறைந்தால், குறைந்த தொகையைப் போல 2 மடங்கும், சோதனைச் செலவும் கேட்கச் சட்டத்தில் இடம் உண்டு. பில் இல்லாமல் எதைக் காட்டிக் கேட்பது?

புகாருக்கு போன்: 1915.

நூற்றுக்கு 3 ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய், மொத்தத்தையும் கோட்டை விடலாமா?