மாத்திரையை ஊசியாக ஏற்றினால் நுரையீரல் என்னவாகும்?

மாத்திரையில் மருந்து மட்டும் இருப்பதில்லை. அதற்கு வடிவம் தரவும் வயிற்றில் உரியவாறு கரையச் செய்யவும் டால்க், செல்லுலோஸ், மாவுச்சத்து, கிராஸ்போவிடோன் போன்றவை சேர்க்கப்படுகின்றன. விழுங்கும்போது இவற்றால் தீங்கில்லை. போதைக்காக வலிநிவாரணி மாத்திரையை நீரில் கலக்கி ஊசியாக ஏற்றினாலோ, மூக்குவழி உணவூட்டும் குழாய்க்கென்று பொடித்துக் கரைத்த மருந்தைத் தவறுதலாகக் கையிலுள்ள ஊசிக்குழாயில் செலுத்தினாலோ, கரையாத துகள்கள் இதயத்தின் வலப்பக்கம் வழியாகச் சென்று நுரையீரலின் நுண்ணிய இரத்தக்குழாய்களில் சிக்கிக்கொள்கின்றன. பஞ்சினால் வடிகட்டினாலும் அவை முழுதும் நீங்குவதில்லை.

உடல் அத்துகள்களைச் சூழ்ந்துகொள்வதால் சிறு கணுக்கள் தோன்றுகின்றன. மீண்டும் மீண்டும் ஊசி ஏற்றுவோருக்குக் குழாய்கள் அடைபட்டு, நுரையீரலில் இரத்த அழுத்தம் உயர்ந்து, நாளடைவில் இதயத்தின் வலப்பக்கம் தளரலாம். மாடிப்படி ஏறினால் மூச்சுத்திணறல், தொடர் இருமல், கால் வீக்கம் ஆகியவை அறிகுறிகள். பழக்கத்தை நிறுத்திய பின்னும் சிலருக்கு நோய் முற்றுவதுண்டு. ஆயினும் நிறுத்துவதே சிகிச்சையின் முதற்படி. படிந்த துகள்களைக் கரைத்து அகற்றும் மருந்து இல்லை.

சி.டி. ஸ்கேனில் நுரையீரல் முழுவதும் தெரியும் நுண்புள்ளிகள் காசநோயை ஒத்திருக்கும். நம் நாட்டில் மருத்துவரின் எண்ணம் முதலில் காசநோயை நோக்கிச் செல்வது இயல்பே. ஊசிப் பழக்கம் மறைக்கப்பட்டால், நோயாளி வேண்டாத காசநோய் மருந்துகளை மாதக்கணக்கில் உட்கொள்ள நேரிடலாம். வெட்கத்தினால் குடும்பத்தார் மறைப்பதும் உண்டு. அந்த வெட்கம் நோயாளிக்கு எவ்வகையிலும் உதவாது. பெற்றோர் முன்னிலையில் சொல்லத் தயங்கும் இளைஞர், மருத்துவரிடம் தனியே பேச வேண்டும் என்று கேட்கலாம். பழக்கத்திலிருந்து மீள்வதற்கு மனநல மருத்துவரிடம் சிகிச்சை உண்டு.