கொழுப்பும் அழற்சியும்: தமனித் தடிப்பு நோயில் ஒரு காரணியா, இரு காரணிகளா?

ஆய்வுச் சுருக்கம்

தமனித் தடிப்பில் குருதிக் கொழுப்போடு தமனிச் சுவரில் நீடிக்கும் அழற்சியும் பங்குகொள்கிறது. அவ்வழற்சி கொழுப்பின் விளைவு மட்டுமா, தனியே தணிக்கத்தக்க காரணியா என்னும் வினாவை 2008 முதல் 2024 வரை வெளிவந்த மருத்துவ ஆய்வுகளின் வழி இக்கட்டுரை ஆராய்கிறது.

முன்னுரை

ஜெர்மானிய நோயியல் அறிஞர் ருடால்ஃப் விர்கோ 19ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே தமனித் தடிப்பை ஓர் அழற்சியாகக் கண்டார். 1913இல் ரஷ்ய அறிஞர் நிக்கோலாய் அனிச்கோவ், முயல்களுக்குக் கொலஸ்டிரால் ஊட்டி இந்நோயைத் தோற்றுவித்தார். பிற்காலத்தில் கொழுப்புக் கொள்கையே மேலோங்கியது; ஸ்டாட்டின் மருந்துகளின் வெற்றி அதனை வலுப்படுத்தியது. எனினும், கொழுப்பு கட்டுக்குள் வந்த பின்னரும் சிலருக்கு மீண்டும் மாரடைப்பு நேர்வது விளக்கம் வேண்டி நின்றது.

கொழுப்பு அழற்சியைத் தூண்டும் முறை

குறையடர்த்திக் கொழுப்புப்புரதத் துகள்கள் தமனியின் உட்சுவரில் புகுந்து தங்கி ஆக்சிஜனேற்றம் அடைகின்றன. அவற்றை விழுங்கும் பெருவிழுங்கி அணுக்கள் கொழுப்பு நிறைந்து நுரையணுக்களாகின்றன. அங்கு உருவாகும் கொலஸ்டிரால் படிகங்கள், அணுவினுள் உள்ள என்எல்ஆர்பி3 புரதத் தொகுதியை இயக்க, இன்டர்லூக்கின்-1 பீட்டா வெளிப்படுகிறது. அது இன்டர்லூக்கின்-6ஐத் தூண்டுகிறது; அதன் ஏவலால் கல்லீரல் சி-வினைப்புரதத்தைச் சுரக்கிறது. குருதிச் சோதனையில் அளக்கப்படுவது இத்தொடரின் இறுதிக் கண்ணியே.

ஆய்வுச் சான்றுகள்

2008இல் வெளிவந்த ஜூபிட்டர் ஆய்வில், சி-வினைப்புரதம் மிகுந்தும் கொழுப்பு மிகாதும் இருந்த 17,802 பேர் பங்கேற்றனர். ரோசுவாஸ்டாட்டின் இதயநோய் நிகழ்வுகளைக் குறைத்தது. ஆயினும் கொழுப்பும் அழற்சியும் ஒருங்கே தணிந்தமையால், பயன் எதனால் விளைந்தது எனப் பிரித்தறிய இயலவில்லை.

அப்பிரிப்பைச் செய்தது 2017இல் வெளியான கான்டோஸ் ஆய்வு. முன்னர் மாரடைப்பு ஏற்பட்டு, சி-வினைப்புரதம் லிட்டருக்கு 2 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்த 10,061 பேர் இதில் இடம்பெற்றனர். கனகினுமாப் மருந்து இன்டர்லூக்கின்-1 பீட்டாவைத் தடுப்பது. குறையடர்த்திக் கொழுப்பைக் குறைக்காதது. 150 மில்லிகிராம் பெற்றோரிடம் மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய் இறப்பு ஆகியவை ஒருசேர 15 விழுக்காடு குறைந்தன. அழற்சி தனித்த காரணி என்பதற்கு இது வலுவான சான்றாகும். ஆனால், உயிர்பறிக்கும் தொற்றுகள் கூடின. மொத்த இறப்பில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

எல்லா அழற்சி மருந்துகளும் பயன் தருவதில்லை. சர்ட் ஆய்வில் 4,786 பேரிடம் சோதிக்கப்பட்ட மெத்தோட்ரெக்சேட், இன்டர்லூக்கின்-1 பீட்டாவையும் குறைக்கவில்லை. நோய் நிகழ்வுகளையும் குறைக்கவில்லை.

அடுத்துக் கவனம் பெற்றது, கீல்வாதத்திற்கு நெடுங்காலமாக வழங்கப்பட்டுவரும் கொல்கிசின். தமிழகத்தில் கண்வலிக்கிழங்கு எனப் பயிரிடப்படும் செங்காந்தளின் விதைகளிலும் இவ்வேதிப்பொருள் உண்டு. நாள்தோறும் 0.5 மில்லிகிராம் அளித்தபோது கோல்காட் (2019), லோடோகோ2 (2020) ஆய்வுகளில் நிகழ்வுகள் குறைந்தன; மாரடைப்புக்குப் பின் 7,062 பேரிடம் நடந்த 2024ஆம் ஆண்டு ஆய்வில் பயன் தென்படவில்லை. மருந்தளவுக்கும் நச்சளவுக்கும் இடைவெளி குறுகியதாதலின், செடியையோ விதையையோ உட்கொள்வது உயிருக்கு ஆபத்தானது.

முடிவுரை

கொழுப்பு தொடங்கிவைக்கும் நோயை அழற்சி வளர்க்கிறது. எனவே கொழுப்பைக் குறைத்தலே சிகிச்சையின் அடித்தளமாகத் தொடர்கிறது. அழற்சியைத் தணிப்பதில் எவ்வழியைத் தடுப்பது, யாருக்கு, எவ்விலைக்கு என்பவையே இனி ஆராயத்தக்கவை. நோய்த்தொற்றை எதிர்க்கும் ஆற்றலும் அதே அழற்சியைச் சார்ந்திருப்பதால், இவ்வினாக்களுக்கான விடை நோயாளிக்கு நோயாளி வேறுபடக்கூடும்.