ஜப்பானிலும் இருக்கு நம்ம கோலி சோடா!

2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் கார் ஆலை வந்தது. பக்கத்திலேயே வல்லம் வடகாலில் யமஹா. வேலைக்கு வந்த ஜப்பானியர்களுக்காக ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் ஜப்பான் உணவகங்களும் முளைத்தன. கூடவே அவர்களின் நொறுக்குத்தீனிகளும் நமக்கு அறிமுகமாகின்றன.

'சென்பே' என்பது சோயா சாஸ் தடவிச் சுட்ட மொறுமொறு அரிசி பிஸ்கட். டீக்கு சரியான ஜோடி. 'போக்கி' 1966 முதல் விற்பனையில் இருக்கும், சாக்லேட் தோய்த்த பிஸ்கட் குச்சி.

'ராமுனே' பாட்டிலைப் பார்த்தால், "அட, கோலி சோடா!" என்பீர்கள். சரிதான். 1872-ல் இங்கிலாந்தின் ஹிராம் காட் காப்புரிமை பெற்ற பாட்டில்தான் இரண்டுக்கும் தாய். உள்ளே இருக்கும் கேஸ், கோலியை மேலே தள்ளி வாயை அடைக்கிறது. 'லெமனேட்' என்ற சொல்லே ஜப்பானியர் வாயில் ராமுனே ஆனது. கூட வரும் பிளாஸ்டிக் குமிழை கோலி மேல் வைத்து உள்ளங்கையால் அழுத்தினால்... டப்! கோலி கழுத்துப் பள்ளத்தில் நிற்கும்படி சாய்த்துக் குடிக்க வேண்டும்.

சைவக்காரர்கள் கவனிக்க: சில சிப்ஸ்களில் மீன் சாறும், கம்மி மிட்டாய்களில் ஜெலட்டினும் இருக்கும். இறக்குமதி ஸ்டிக்கரில் பச்சைப் புள்ளி இருக்கிறதா எனப் பாருங்கள். தேதியில் ஆண்டுதான் முதலில் வரும், 26.10.05 என்றால் 2026 அக்டோபர் 5. குழந்தைகள் கையில் கொடுக்கும் முன் இதையும் பார்த்துவிடுங்கள்!